பெரியம்மா வீட்டு க்ரீச்: ஒரு சான்றிதழுக்குப் பதினோரு மாதம்

புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் கை தானாகச் செய்யும் வேலை. "யாரோ நெனைக்கறாங்க" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை மேலே போய்விடும். சென்னை மடிப்பாக்கத்தில் தன் வீட்டிலேயே க்ரீச், அதாவது குழந்தைகள் காப்பகம், நடத்தும் ஒரு அம்மாவும் அன்று அதைத்தான் செய்தார்.

குழந்தைக்கு 14 மாதம். நாலு வயது அண்ணன் தன் டிபன் டப்பாவில் இருந்த கொண்டைக்கடலைச் சுண்டலைத் தம்பிக்குப் பாசமாக ஊட்டியிருக்கிறான். குழந்தை இருமவில்லை, அழவும் இல்லை. சத்தமே வராமல் வாயைத் திறந்து திறந்து மூடியது, உதடு கறுத்தது. உச்சியில் தட்டினார். ஒன்றும் நடக்காததால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். சத்தம் கேட்டு வந்த மாடி வீட்டுப் பையன் குழந்தையை வாங்கி, தலை கீழே இருக்கும்படி கையில் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே நாலைந்து தட்டுத் தட்டினான். கடலை தெறித்து விழுந்தது. அவன் தன் கல்லூரியில் முதலுதவி வகுப்புக்குப் போனவன்.

மாலையில் அந்தக் குழந்தையின் அம்மா வந்ததும் நடந்ததை ஒன்று விடாமல் க்ரீச் அம்மாவே சொன்னார். அந்தத் தாய் ஒரு மருத்துவமனையில் செவிலியர். திட்டவில்லை, குழந்தையை நிறுத்தவும் இல்லை. "விரல விட்டா உள்ள தள்ளிடும் ஆன்ட்டி. இத நீங்க முறையா கத்துக்கணும்" என்று மட்டும் சொன்னார். அந்தச் செவிலியர் வழியாகத்தான் க்ரீச் அம்மா என்னிடம் வந்தார். நான் பால்வாடி, அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவள்.

இதை எழுத அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். குழந்தைகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வீடும் ஆட்களும்

பெரியம்மாவுக்கு 46 வயது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, பிளஸ் டூவில் கணக்குப் போய்விட்டது. கணவருக்கு அம்பத்தூரில் வேலை, மகள் கல்லூரியில். மாமியாருக்கு 70 தாண்டிவிட்டது, ஆனால் நடமாட்டம் உண்டு. தரைத்தளத்தில் வாடகை வீடு: ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, வாசலில் கம்பிக் கதவு, கதவுக்கும் தெருவுக்கும் நடுவே தரையோடு தரையாக சம்ப் என்னும் தண்ணீர்த் தொட்டி.

ஒன்பது வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்குத் திரும்பியபோது "கொஞ்ச நாள் பாத்துக்கறீங்களா" என்று கேட்டு ஆரம்பித்தது. நான் முதலில் போனபோது 11 குழந்தைகள் இருந்தார்கள். மிகச் சிறியதற்கு ஏழு மாதம், பெரியவளுக்கு ஐந்து வயது. பெற்றோரில் பாதிப் பேர் பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் தி. நகரில் துணிக்கடை விற்பனையாளர், இரவு ஒன்பதரைக்குத்தான் வருவார். காலை ஏழரைக்குத் திறக்கும் வீடு சில நாள் பத்து மணி வரை மூடாது. மாதம் ஒரு குழந்தைக்கு 3,500 ரூபாய்.

முதல் வாரம் நான் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எத்தனையோ விஷயங்களில் இவருக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. புதிதாக வந்து அழும் குழந்தையை அவர் தூக்குவதில்லை. பக்கத்தில் கீரை ஆய உட்கார்ந்துவிடுவார். பத்து நிமிடத்தில் அது ஒரு தண்டை எடுத்துக்கொண்டு வந்து சேரும். சாப்பிட மறுக்கிற குழந்தையை வற்புறுத்துவதில்லை. பெரிய குழந்தைகளுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுப்பார், தட்டு வைப்பது, துண்டு மடிப்பது. பல வருடம் படித்தவர்களிடமும் நான் பார்க்காத பொறுமை அது. பயிற்சி என்று போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தெரிந்ததைத் தெரியும் என்று யாரும் சொல்லாததால்தான் இவர்கள் "சும்மா வீட்ல இருந்து பாத்துக்கறேன்" என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சுவரில் இருந்த முதல் சான்றிதழ்

ஹாலில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் லேமினேட் செய்த ஒரு சான்றிதழ் ஏற்கெனவே தொங்கியது. 'மாண்டிசோரி டிப்ளமோ'. ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், 18,000 ரூபாய். நகையை வைத்துக் கட்டியிருக்கிறார். பாட நோட்டை வாங்கிப் பார்த்தேன். வண்ண அட்டைகள், எழுத்துப் பயிற்சி, கரும்பலகையில் எழுதுவது எப்படி, ஆண்டு விழா நடத்துவது எப்படி. மூன்று வயதுக்கு மேல் வகுப்பறையில் உட்காரும் குழந்தைகளுக்கான விஷயம் முழுவதும். ஏழு மாதக் குழந்தைக்கு என்ன கொடுப்பது, எப்படிப் படுக்க வைப்பது என்று ஒரு வரி இல்லை. முதலுதவி இல்லை. யாரும் அவர் வீட்டுக்கு வந்து பார்க்கவும் இல்லை.

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், தடை கிடையாது. எனக்கு இதில் கூடுதலாக ஒரு வருத்தம். அந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் இந்தியாவுக்கு வந்து தங்கியது இந்த ஊரில்தான். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் அவர் நடத்திய வகுப்புதான் இந்தியாவில் அவருடைய முதல் பயிற்சி. குழந்தை தானாக என்ன செய்கிறது என்று குறுக்கிடாமல் கவனிப்பதுதான் அவர் ஆசிரியர்களிடம் கேட்டதில் முக்கியமானது. கீரைத் தண்டோடு வந்து சேரும் குழந்தைக்காகப் பத்து நிமிடம் காத்திருக்கும் பெரியம்மாவுக்கு அது முன்பே தெரியும். 18,000 ரூபாய் வாங்கியவர்கள் அதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

எந்தத் தாள் இவருக்குப் பொருந்தும்

சரி, உருப்படியான சான்றிதழ் எது என்று தேட ஆரம்பித்தோம். தேடத் தேட ஒன்று தெளிவானது: சட்டமும் திட்டமும் இவரைச் சுற்றி நாலா பக்கமும் இருக்கின்றன, இவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதற்கு அடித்தளம் போட்ட 1972ஆம் வருட அறிக்கையைத் தந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் சென்னையில் வாழ்ந்து பணியாற்றிய மீனா சுவாமிநாதன். வேலைக்குப் போகும் தாயின் தேவையையும் குழந்தையின் தேவையையும் பிரிக்காமல் பேசியவர். அந்தத் திட்டத்தில் வந்த அங்கன்வாடிகள் இன்று தமிழ்நாட்டில் 54,000க்கு மேல் இருக்கின்றன. ஆனால் இரவு ஒன்பதரைக்கு வரும் துணிக்கடைப் பெண்ணுக்கு அங்கன்வாடி நேரம் ஒத்துவராது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, குறைந்தது 50 பேர் வேலை செய்யும் இடத்தில் க்ரீச் வசதி வேண்டும் என்றார்கள். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். அந்தக் கடமை முதலாளியுடையது. 2015இல் தமிழக அரசு விளையாட்டுப் பள்ளிகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்கும் விதிகள். அவை பள்ளியை மனதில் வைத்து எழுதியவை. வாடகை வீட்டுத் தரைத்தளத்தில் இருப்பவர் கட்டட உறுதிச் சான்றுக்கு வீட்டுக்காரரிடம் போய் நின்றால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்.

படிப்பு என்று பார்த்தால், இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்வியில் டிப்ளமோ இருக்கிறது. பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். பெரியம்மாவுக்குக் கணக்கு குறுக்கே நின்றது. 2020 தேசியக் கல்விக் கொள்கை அங்கன்வாடி ஊழியர்களுக்கு, பிளஸ் டூ இருந்தால் ஆறு மாதச் சான்றிதழ், இல்லாவிட்டால் ஒரு வருட டிப்ளமோ என்று வழி சொல்கிறது. நல்ல யோசனை, ஆனால் அது அரசு ஊழியருக்கு.

மிச்சம் இருந்தது திறன் பயிற்சி. வீட்டுப் பணித் துறைக்கான திறன் குழுமத்தில் 'குழந்தைப் பராமரிப்பாளர்' என்று ஒரு வேலைப் பிரிவு உண்டு. ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவருபவரை மதிப்பிட்டுச் சான்று தரும் வழியும் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளை நினைத்து உருவாக்கிய பிரிவு அது. இருந்தாலும் கைக்குழந்தையை நேராகத் தொடும் பாடம் அதில் மட்டும்தான் இருந்தது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

அமெரிக்காவில் இருந்து ஓர் அளவுகோல்

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கென்றே ஒரு தகுதி எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரி தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1975இல் இருந்து 'குழந்தை வளர்ச்சித் துணைவர்' என்ற பொருளில் சிடிஏ என்றொரு சான்று கொடுத்துவருகிறார்கள். அங்கே வீட்டில் குழந்தைகளைப் பார்ப்பவர் தனிப் பிரிவாகவே அதில் விண்ணப்பிக்கலாம். 120 மணி நேரப் படிப்பு, எட்டுத் தலைப்புகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 மணி நேரம். 480 மணி நேரம் குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம். முதலுதவிச் சான்று, ஒரு வார உணவுப் பட்டியல், பெற்றோரிடம் வாங்கிய கருத்து, தான் செய்வதைத் தானே யோசித்து எழுதிய பக்கங்கள் எல்லாம் அடங்கிய ஒரு கோப்பு. அப்புறம் ஒரு தேர்வு. எல்லாவற்றுக்கும் மேலாக, துறை தெரிந்த ஒருவர் அவர் வேலை செய்யும் இடத்துக்கே வந்து, வேலை நடக்கும்போதே உட்கார்ந்து பார்ப்பார். மூன்று வருடத்தில் சான்று காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும்.

480 மணி நேர அனுபவம் என்றதும் பெரியம்மா விரல் விட்டு எண்ணினார். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் என்று வைத்தாலும், வாரம் ஆறு நாள், 60 மணி. எட்டு வாரம். "ரெண்டு மாசம் தானா அக்கா?" என்று கேட்டார். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சான்று நமக்குக் கிடைக்கப்போவதில்லை, அதற்காக முயலவும் இல்லை. அந்த எட்டுத் தலைப்புகளையும் கோப்பையும் மட்டும் எங்கள் பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டோம். 11 மாதத்தில் 100 மணி நேரத்தைத் தாண்டினோம், 120ஐத் தொட முடியவில்லை.

மதியம் இரண்டு மணி

பயிற்சி எப்போது நடக்கும் என்பதில்தான் எல்லாத் திட்டமும் கோட்டைவிடுகிறது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மையத்துக்கு வா என்றால் அவர் யாரிடம் குழந்தைகளை விடுவார்? ஒரு நாள் லீவு விட்டால் பத்து வீட்டில் பத்துப் பேர் வேலைக்குப் போக முடியாது. குழந்தைகள் தூங்கும் நேரம் ஒன்றுதான் அவருடையது. வியாழன் மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை நான் அங்கே போவேன். சனிக்கிழமை குழந்தைகள் குறைவு என்பதால் ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்வோம். மெல்லிய குரலில், தூங்கும் குழந்தைகளுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்து.

முதலுதவிக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்ப் பொம்மையில் பழகினார். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஐந்து முதுகுத் தட்டு, பிறகு திருப்பி ஐந்து நெஞ்சு அழுத்தம். அவ்வளவு சின்னக் குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. அது பெரிய குழந்தைக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தேடக் கூடாது. மூச்சும் அசைவும் இல்லாவிட்டால் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை வேகம், ஒருவர் இதைச் செய்ய இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். திரும்பி வந்த அன்று மாமியாருக்கும் மகளுக்கும் தலையணையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பாட்டிக்கு உச்சியில் தட்டுவதை விடத்தான் மனம் வரவில்லை. "இருமிட்டு இருந்தா இருமட்டும்னு விடுங்கத்த. சத்தமே வரலைன்னாத்தான் ஆபத்து" என்று பெரியம்மா சொன்னபோது, நான் சொல்லியிருந்தால்கூட இத்தனை சுருக்கமாக வந்திருக்காது.

பிறகு வீட்டை ஒவ்வொரு அடியாகத் தவழ்ந்து பார்த்தோம். நிஜமாகவே முட்டி போட்டுத் தவழ்ந்தோம், குழந்தையின் கண் உயரத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்க. சட்டையில் தாயத்தைக் குத்தியிருந்த ஊக்கு. கழுத்தில் கறுப்புக் கயிறு. குளியலறையில் பாதி நிரம்பிய வாளி. நாலு விரல் தண்ணீர் போதும் ஒரு குழந்தை மூழ்க. சம்ப் மூடி கனமானதுதான், ஆனால் லாரித் தண்ணீர் வரும் நாளில் திறந்தபடி கிடந்தது. தண்ணீர் விடும்போது ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும், மூடிக்குப் பூட்டு வேண்டும் என்று முடிவானது. கயிறு விஷயத்தில் பெற்றோர் மனம் புண்படக் கூடாதே என்று தயங்கினார். கழுத்தில் இருப்பதை இடுப்புக்கு மாற்றலாமா என்று அவரே ஒவ்வொரு தாயிடமும் பேசினார், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

தூளிதான் பெரிய விவாதம். ஏழு மாதக் குழந்தை சேலைத் தூளியில் இல்லாமல் தூங்காது. சமமான, கெட்டியான பாயில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் கைக்குழந்தைக்குப் பாதுகாப்பு. தூளியில் கழுத்து மடங்கும், துணி முகத்தை மூடும், பெரிய குழந்தை ஏறித் தொங்கும். ஆனால் நம் ஊரில் தூளி வெறும் துணியா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை அதில்தான் தூங்கியது. ஒரே நாளில் கழற்றச் சொன்னால் நான் போனதும் மறுபடி கட்டிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் படிப்படியாகப் போனோம். முதலில் முட்டி உயரத்துக்கு இறக்கினோம், கண் பார்வையில் ஹாலுக்கு மாற்றினோம். தூக்கம் பிடித்ததும் எடுத்துப் பாயில் போடுவது. பிறகு பாயிலேயே தட்டித் தூங்க வைக்கும் முயற்சி. ஐந்து வாரம் ஆனது. வீட்டில் தூளிதான் என்பதால் ஞாயிறு கழிந்து வரும் ஒவ்வொரு திங்களும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. பிறகு அந்தத் தாயும் பாய்க்கு மாறினார். கொக்கி இன்னும் கூரையில் இருக்கிறது, அதில் துணியாலான மீன் பொம்மை தொங்குகிறது.

செல்போனும் இதே மாதிரிதான். சோறு ஊட்ட யூடியூப் போடுவது வழக்கமாக இருந்தது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கு மேல் நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருப்பதைக் காட்டினேன். மூன்று நாள் அழுகை, நாலாம் நாள் காக்காவுக்கு ஒரு வாய், பூனைக்கு ஒரு வாய்.

இரண்டு கை

ஆறாவது மாதம் தீ ஒத்திகை செய்தோம். சமையலறையில் காஸ் கசிவு என்று வைத்துக்கொண்டு, எல்லோரையும் தெருமுனை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று 10 குழந்தைகள், அதில் நடக்க முடியாதவர்கள் மூன்று. பெரியம்மாவும் பாட்டியும் மட்டும்.

கம்பிக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. குழந்தைகள் தெருவுக்கு ஓடாமல் இருக்க எப்போதும் பூட்டுவார். சாவி பிரிட்ஜ் மேலே, பிரிட்ஜ் சமையலறையில். அந்த இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்த வருடம் தமிழ்நாட்டில் குழந்தைகளோடு வேலை செய்த எவரும் அந்த நாளை மறந்திருக்க முடியாது. கீற்றுக் கொட்டகை வேறு, இந்த வீடு வேறு. ஆனால் வெளியேற வழி கையெட்டும் தூரத்தில் இல்லை என்பது ஒன்றுதான்.

சாவியை எடுத்து, இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கி, மூன்றாவதைப் பாட்டியிடம் கொடுத்து, மற்றவர்களைத் துணிக்கயிற்றைப் பிடிக்கச் சொல்லி வெளியே வந்து எண்ணியபோது ஏழரை நிமிடம். எண்ணிக்கை ஒன்பது. பத்தாவது பையன் கழிவறையில் இருந்தான்.

அன்று இரவு அவர் எனக்கு போன் செய்தார். "எனக்கு ரெண்டு கைதானே அக்கா. தூக்க வேண்டிய பிள்ளைங்க ரெண்டுக்கு மேல வெக்க மாட்டேன்." நான் எண்ணிக்கையைப் பற்றி அதுவரை வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் வருமானத்தைப் பற்றிப் பேசியிருப்பார், அதற்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. ஒத்திகை அதைச் செய்தது. மொத்தம் ஏழு குழந்தைகள், இரண்டு வயதுக்குக் கீழ் இரண்டு பேர் மட்டும் என்று அவரே வரம்பு வைத்தார். சாவி இப்போது கதவுக்குப் பக்கத்தில், பெரியவர் தோள் உயரத்தில், சிவப்புக் கயிற்றில் தொங்குகிறது. போன மாத ஒத்திகையில் இரண்டு நிமிடம் பத்து விநாடி, எண்ணிக்கை சரி.

சொல்லக் கூச்சமான பாடம்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கலாம் என்று அஞ்சினாலோ 19ஆவது பிரிவின்படி யாராக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் இருப்பதும் தண்டனைக்குரியது. இதைச் சொல்லிக்கொடுக்கும் வரை எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில் இருக்கும் பெரியவர் யாரும் மூடிய கதவுக்குள் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, கழிவறைக்கு அழைத்துப் போவது அவரும் பாட்டியும் மட்டும், கதவு திறந்திருக்க வேண்டும் என்று நான் எழுதச் சொன்னபோது அவர் முகம் மாறியது. "எங்க வீட்டுக்காரரச் சொல்றீங்களா?" என்று கேட்டார். அந்த வியாழன் பயிற்சி அத்தோடு நின்றது. அடுத்த வியாழனும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்.

நான் சொன்ன விதத்தில் தவறு இருந்தது. விதியை விதியாகக் கொடுத்துவிட்டேன், காரணத்தைப் பிறகு சொல்லலாம் என்று விட்டேன். பிறகு அவர் கணவரையும் உட்கார வைத்துப் பேசினேன். இந்த விதி உங்களுக்கும் காவல், நாளைக்கு யாராவது ஒரு சொல் சொன்னால் நீங்கள் எப்போதும் எல்லோர் கண் முன்னாலும் இருந்தீர்கள் என்று நிரூபிக்க முடியும் என்றேன். அவர்தான் மனைவியிடம் "எழுதிக்கோ" என்றார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இப்போது 108க்குக் கீழே சுவரில் இருக்கிறது.

எண்ணிக்கை குறைந்தபோது

இனி யாரும் எழுதாத பகுதி. 11 குழந்தைக்கு 3,500 என்றால் 38,500 ரூபாய். ஏழு குழந்தைக்கு அதே கட்டணம் என்றால் 24,500. பயிற்சி பெற்றதற்கு மாதம் 14,000 ரூபாய் அபராதம் கட்டுவது போல. கட்டணத்தை 4,500 ஆக்கினார், அப்போதும் 31,500தான். இருந்தவர்களை நிறுத்தவில்லை, பள்ளிக்குப் போய்விட்டவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டார். இரண்டு குடும்பங்கள் கட்டணம் கட்ட முடியாமல் போய்விட்டன. அதில் ஒன்று துணிக்கடைப் பெண்ணின் குடும்பம். அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. தரத்தை உயர்த்தும் செலவைத் தாங்கக்கூடியவர் தாங்கினார், தாங்க முடியாதவரின் குழந்தை வேறு வீட்டுக்குப் போனது. அந்த வீடு எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்க்கவில்லை. இந்த வித்தியாசத்தை அரசோ, குறைந்தது 50 பேரை வைத்திருக்கும் முதலாளிகளோ ஏற்காமல் வீட்டு க்ரீச்களில் தரத்தைப் பற்றிப் பேசுவது நியாயம் இல்லை என்று நினைக்கிறேன்.

இரவு நேரமும் எட்டரையோடு முடிந்தது. இது ஒப்பந்தத் தாளில் வந்தது. பெற்றோரோடு எழுத்தில் ஒப்பந்தம் என்பதைப் பெரியம்மா முதலில் அவமரியாதை என்று நினைத்தார். எழுதி முடித்ததும் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்: யார் வந்து அழைத்துப் போகலாம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால் அன்று அனுப்ப வேண்டாம், எழுதித் தராத மருந்து கொடுக்கப்பட மாட்டாது, ஒரு வயது ஆகும் வரை தேன் கிடையாது. பாசத்தில் பேச முடியாததைத் தாள் பேசியது என்றார்.

எச்ஆர் கேட்ட எண்

ஒன்பதாவது மாதம் திறன் மதிப்பீடு ஒரு மையத்தில் நடந்தது. ஒரு பொம்மையைக் கொடுத்துக் குளிப்பாட்டச் சொன்னார்கள், டயப்பர் மாற்றச் சொன்னார்கள், சில கேள்விகள். தேறிவிட்டார். சான்றிதழ் வந்த நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கோப்பை அந்த மதிப்பீட்டாளர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் ஏழு குழந்தைகளின் கவனிப்புக் குறிப்புகள், உணவுப் பட்டியல், தடுப்பூசி அட்டை நகல்கள், ஒத்திகை நேரங்கள், பெற்றோர் கருத்துகள் எல்லாம் 140 பக்கத்துக்கு இருந்தன.

பொம்மையைக் குளிப்பாட்டியவருக்குத் தந்த சான்று என்ன சொல்கிறது? பிரிட்ஜ் மேலே சாவி இருந்த நாளிலும் அவர் அந்தப் பொம்மையை அதே போலக் குளிப்பாட்டித் தேறியிருப்பார். யாராவது ஒருவர் வியாழன் மதியம் அந்த ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். இதற்கு ஆள் இல்லை என்று சொல்வார்கள். ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்களும் மேற்பார்வையாளர்களும் இந்த நகரத்தில் ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறார்கள். நாங்கள் காலை எட்டு மணிக்குக் காபி குடித்துவிட்டு என்ன செய்வது என்று உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொன்று. ஒரு தந்தையின் அலுவலகம் க்ரீச் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருமாம். பெரியம்மா முதலுதவி அட்டை, திறன் சான்றிதழ் இரண்டின் நகலையும் கொடுத்தார். எச்ஆர் பிரிவு கேட்டது பதிவு எண். என்ன பதிவு என்று அவர்களுக்கும் தெளிவாகத் தெரியவில்லை. கடைசியில் உத்யம் என்ற சிறுதொழில் பதிவைப் போடலாம் என்று மகள் கண்டுபிடித்தாள். இணையத்திலேயே போடலாம், கட்டணம் கிடையாது. பக்கத்துக் கடையில் 2,000 ரூபாய் கேட்டார்கள், மகள் போனிலேயே போட்டுக் கொடுத்தாள். எண் வந்ததும் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. குழந்தையைப் பற்றிய சான்றுகள் இரண்டும் போதாதாம், தொழில் நடக்கிறது என்ற எண் போதுமாம். பெரியம்மா மூன்றையும் வரிசையாக மாட்டியிருக்கிறார். பழைய மாண்டிசோரி டிப்ளமோவைக் கழற்றவில்லை. நகை வைத்து வாங்கியது என்றார்.

இப்போது

முதலுதவி அட்டை இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். காலாவதித் தேதியைக் காலண்டரில் இல்லாமல் கேஸ் புத்தகத்தின் உள் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார், அதுதான் தொலையாது என்று. பிளஸ் டூ கணக்கைத் திறந்தநிலைப் பள்ளியில் எழுத மகள் விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறாள். மதியம் இரண்டு மணிக்கு இப்போது மகள்தான் ஆசிரியை. சம்ப் மூடிக்குப் பூட்டுப் போட வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. அதனால் தண்ணீர் லாரி வரும் நாளில் பாட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் நான் இருக்கும்போது ஒரு பெண் ஆறு மாதக் குழந்தையோடு வந்தார். மகப்பேறு விடுப்பு முடிகிறது, திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சினார் பெரியம்மா, எப்போது பால், எப்படித் தூங்கும் என்று எல்லாம் விசாரித்தார். பிறகு தன்னிடம் கைக்குழந்தைகள் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஜூன் வரை இடம் இல்லை என்று சொன்னார். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொருவரின் எண்ணை எழுதிக் கொடுத்தார். அவரிடம் நாலு குழந்தைகள்தான். முதலுதவி வகுப்புக்கு அவரைப் பெரியம்மாதான் கூட்டிப் போனார். ஆனால் அவர் வீட்டுக் கதவுச் சாவி இப்போதும் சமையலறையில்தான் இருக்கிறது. அடுத்த வியாழன் நாங்கள் இருவரும் அங்கே போகிறோம்.